வலது தோள் பூ

எங்கள் குலசாமியைப் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்ட அன்று அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "நம்ம சாமியைப் பாக்க நாம சீட்டு வாங்கோணுமா? இதென்ன சினிமாக் கொட்டாயா?" என்று வாசலில் நின்று கத்தினார். கத்தி என்ன பிரயோஜனம்? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சீட்டு வாங்குகிற வரிசையில் முதல் ஆளாக நின்றதும் அவர்தான்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருந்தது அந்த அரண்மனை. எழுபதுகளில் ஜமீன் வாரிசுகள் அதை ஒரு லாரி முதலாளிக்கு விற்றார்கள். அவர் அதைப் பெரிய ஓட்டலாக்கினார். ஏசி அறைகள், நீச்சல் குளம், புல்வெளியில் மயில். உள்முற்றத்தில் இருந்த அம்மனை மட்டும் பெயர்த்தெடுக்க அவருக்குப் பயம். அதனால் சீட்டுப் போட்டு அரண்மனையைச் சுற்றிக்காட்டும் கண்காட்சியில் அவளையும் சேர்த்துவிட்டார். அமாவாசைக்கு அமாவாசை தடையில்லாமல் போய்வந்த பங்காளிகள் எல்லோரும் இனி ஞாயிறுதோறும் கைடு பின்னால்தான் உள்ளே போக வேண்டும்.

போகாமலும் இருக்க முடியாது. எங்கள் குலத்தில் அம்மனிடம் பூக் கேட்காமல் கல்யாணம் பேசி முடிப்பதில்லை. அம்மனின் இரண்டு தோளிலும் சந்தனத்தைத் தொட்டு ஒவ்வோர் அரளிப் பூவை ஒட்டுவார் பூசாரி. வலது தோள் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடது தோள் பூ விழுந்தால் அந்தச் சம்பந்தம் வேண்டாம். அன்றைக்குக் கேட்க வேண்டியிருந்தது எனக்காக. மாப்பிள்ளை குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருந்தார். எனக்கோ சேலத்தில் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. நான் அழுது தீர்த்ததற்கு அப்பா சொன்ன பதில் ஒன்றுதான்: "நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். அவ என்ன சொல்றாளோ அதுதான்." அதனால் வழி நெடுக பஸ்ஸில் நான் இடது தோளையே வேண்டிக்கொண்டு போனேன்.

எங்களோடு வந்தது பம்பாய்க்காரர்களின் ஒரு கூட்டம். கைடு கழுத்தில் டை கட்டிய இளைஞன். இங்கிலீஷில் நீட்டி முழக்கிவிட்டு, எங்களுக்காகத் தமிழில் இரண்டே வார்த்தை சொல்வான். ஓர் அறைக்குள் நுழைந்ததும் லைட்டையும் ஃபேனையும் போடுவான். வெளியே வந்ததும் மறக்காமல் அணைப்பான். கரண்ட் விஷயத்தில் மேனேஜர் ரொம்பக் கறார் போல. ரோஜா இதழ் மிதந்த ஒரு தொட்டியைக் காட்டி, "இது ராணியம்மா குளிச்ச இடம்" என்றான்.

"ஏனுங்க தம்பி, இது எண்ணெய்க் கொப்பரை வெச்சிருந்த ரூமுங்க. நாங்க சின்னதுல இங்கதான் எலி புடிப்போம்" என்றார் அப்பா. கைடு சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்கு நடந்தான். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்று இடது தோளையே நினைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அம்மன் அறையில் பழைய பூசாரிதான் இருந்தார். பாவம், அவருக்கும் ஜரிகைத் தலைப்பாகை வைத்து, பித்தளைப் பித்தான் போட்ட கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் கண் கலங்கி, "வாங்க சாமி" என்றார். பூ இரண்டையும் ஒட்டினார். கைடு வழக்கம்போல ஃபேனைப் போட்டான். ஆளுயர ஸ்டாண்டு ஃபேன். அது நின்றது அம்மனுக்கு வலது கைப் பக்கம்.

ஒட்டின சந்தனம் காய்வதற்குள் வலது தோள் பூ நடுங்க ஆரம்பித்துவிட்டது. இடது தோள் பூ அசையவே இல்லை.

"அப்பா, ஃபேன் ஓடுதுங்க. நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.

"சாமி முன்னால பேசப்படாது கண்ணு."

"காத்துலதானுங்க ஆடுது!"

"காத்து மட்டும் ஆரு குடுக்கறது? அவதான்" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

பூ விழுந்தது. கைடு அதை இங்கிலீஷில் விளக்கினான். பம்பாய்ப் பெண்கள் கை தட்டினார்கள். ஒருத்தி என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் போட்டோ எடுத்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஃபேனை எட்டி உதைத்திருப்பேன். உதைக்கவில்லை. அடுத்த தை மாதம் கல்யாணம்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். ஆனால் காலையில் ஓடத் தொடங்கும் தறிச் சத்தம் பேசுகிற பேச்சையெல்லாம் விழுங்கிவிடும் வீடு அது. நான் காலேஜ் படிக்க நினைத்த கதையை அவரிடம் இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். இரண்டு தரமும் "என்ன சொன்னே?" என்று கேட்டார். மூன்றாம் தரம் நான் சொல்லவில்லை.

பத்து வருஷம் கழித்து மறுபடியும் அதே அரண்மனைக்குப் போனேன். இந்த முறை என் கொழுந்தியாளுக்காக, வீட்டுக்காரரின் தங்கைக்காக. சேலத்தில் டீச்சர் டிரெயினிங் பாதியில் இருந்தாள். எடப்பாடியிலிருந்து வசதியான ஒரு வரன் வந்ததும் என் மாமியார் சந்தோஷத்தில் குதித்துவிட்டார். தன் பிறந்த வீட்டுக்கும் அதே அம்மன்தான் என்பதால் அவளிடமே பூக் கேட்கலாம் என்றார். "நங்கை, நீங்களாச்சும் சொல்லுங்களே" என்று அந்தப் பெண் அண்ணியான என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் என்னத்தைச் சொல்வது? என் பேச்சு எந்த வீட்டில் எடுபட்டது?

கைடு புதியவன். அம்மன் அறைக்கு வந்ததும் ஃபேனைப் போட்டான். பிறகு கதை சொல்ல ஆரம்பித்தான். "பல வருஷத்துக்கு முன்ன, ராஜ வம்சத்துப் பொண்ணு ஒருத்தி இதே இடத்துல வந்து நின்னாங்க. வெளியூர் விருந்தாளிங்க பாத்துக்கிட்டு இருக்கறப்பவே அம்மன் பூ குடுத்தா. அந்தப் பொண்ணு இன்னிக்கு மகாராணி மாதிரி வாழறாங்க. போட்டோகூட இருக்குது, பாருங்க."

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நான் இருந்தேன். பம்பாய்க்காரி எடுத்த போட்டோ. எப்படி வந்து சேர்ந்ததோ! அழுகையை அடக்கிய அந்த முகத்தைப் பார்த்து எல்லோரும் "அடடா, எத்தனை பக்தி" என்றார்கள். மாமியாருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிகிற மாதிரி நான் எங்கே இருக்கிறேன்?

நான் போய் ஃபேனை அணைத்தேன். யாரையும் கேட்கவில்லை.

பூசாரி பூவை ஒட்டினார். கூட்டம் வேர்க்க வேர்க்க நின்று பார்த்துவிட்டுக் கைடுடன் கிளம்பிப் போனது. நாங்கள் உட்கார்ந்திருந்தோம். முற்றத்து வெயில் சுவரேறிவிட்டது. இரண்டு பூவும் ஒட்டினபடியே இருந்தன. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கைடு திரும்பி வந்து, நேராக ஃபேன் பக்கம் போனான்.

"போடாதீங்க" என்றேன்.

"கெஸ்ட்டுக்கு வேர்க்குமுங்க."

"வேர்க்கட்டும். உங்க கதையில வார பொண்ணு நாந்தாங்க. அன்னைக்கு இந்த ஃபேன் ஓடிட்டிருந்துச்சு."

கொழுந்தியாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் போட்டோவைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், அசையாத பூவைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். பத்து வருஷத்தில் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"பூவை எடுத்துருங்க சாமி" என்றார் பூசாரியிடம். "உத்தரவு இல்லே. புள்ளை படிக்கட்டும்."

பூசாரி தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு அம்மனிடம் குனிந்தார். சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. வலது தோள் பூவை நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.