வாய் நிறைய பானிபூரி

என் மனைவி என்னோடு பேசி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவளுடைய அண்ணன் புதுவீட்டுப் பால்காய்ச்சில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "என்னப்பா, சாம்பார்ல உப்பயே காணோம்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். அந்தச் சாம்பாரை வைத்ததே அவள்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அன்றோடு சரி. சாப்பாட்டு நேரத்தில் தொழுவத்து மாட்டைப் பார்த்து, "சோறு போட்டு வச்சிருக்கு, திங்கிறவுக திங்கலாம்" என்பாள். நான் சோறில்லாமல்கூட இருப்பேன், பேச்சில்லாமல் இருக்க முடியாது. கரண்ட் போனது, திராட்சைக் கொடியில் பூச்சி விழுந்தது என்று வாய் வலிக்கப் பேசிப் பார்த்தேன். ம்ஹூம். அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் கம்பம் டவுனுக்குப் போனோம். திராட்சைக் கொடிக்கு மருந்து வாங்க நான், தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க அவள். ஒரே டவுன் பஸ், வேறு வேறு சீட். தையல்காரர் அரைமணி நேரம் ஆகும் என்றார். அவள் விறுவிறுவென்று போய் முக்கில் இருந்த பானிபூரி வண்டி முன்னால் நின்றாள். நானும் போய் நின்றேன். காலேஜ் பிள்ளைகள் தின்கிற பண்டம் என்று அதுவரை நாங்கள் இருவருமே அந்தப் பக்கம் போனதில்லை.

வண்டிக்காரர் வடக்கத்திக்காரர். பூரியைக் கட்டைவிரலால் உடைத்து, உருளைக்கிழங்கை அடைத்து, பச்சை நிறத்தில் ரசம் மாதிரி இருந்த தண்ணியில் முக்கித் தொன்னையில் வைத்தார். நான் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "ரசத்த மேல ஊத்துங்க" என்றேன். புரோட்டாவும் சால்னாவுமாக வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அண்ணா, கிழிக்காதே. முழுசா, ஒரே வாய்."

அடுத்ததை முழுசாகப் போட்டேன். அடேயப்பா! புளிப்பு, உறைப்பு, ஜில்லிப்பு எல்லாம் ஒன்றாக மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதை அவளிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் இன்னொன்று வந்து விழுந்தது. பக்கத்தில் அவளுக்கும் கன்னம் ரெண்டும் உப்பி, கண் பிதுங்கியிருந்தது. ஒருத்தரையொருத்தர் பார்த்துவிட்டோம். முந்தானையால் வாயைப் பொத்தி அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. மோவாயில் தண்ணீர் வழியச் சிரித்தாள்.

"வாயி அடைச்சுக் கெடந்தாத்தான் நீங்க பாக்க லச்சணமா இருக்கீக."

மாட்டிடம் அல்ல, என்னிடம் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சுடச்சுடப் பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, இன்னொரு பூரிக்குத் தொன்னையை நீட்டினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட ஒவ்வொன்றையும் எடுத்து, பஸ்ஸே கேட்கத் திட்டினாள். கண்டக்டர் சிரித்தார். எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டி வந்துவிட்டது. எனக்கு இறங்கவே மனசில்லை.