கட்டடம் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது?

அந்த வக்கீலுக்கு ஆபீசில் வைத்த பெயர் சிவப்பு மை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

கோர்ட்டில் நின்று கத்துகிற வக்கீல் இல்லை அவர். கறுப்புக் கோட்டை பீரோவில் பூச்சி தின்றுகொண்டிருந்தது. அவர் பார்த்தது முதலீட்டுச் சட்டம். பத்தாயிரம் பேரிடம் பணம் வாங்கி ஒரே பானையில் கொட்டி, அதை வைத்துத் தங்கமோ நிலமோ வாங்குவார்களே, அதற்கு ஃபண்டு என்று பெயர். ஃபண்டு ஆரம்பிக்கும் முன் ஒரு புத்தகம் போட வேண்டும். உங்கள் பணத்தை எதில் போடுவோம், எப்படியெல்லாம் தொலைப்போம், மிஞ்சினால் எப்போது திருப்பித் தருவோம் என்று இருநூறு பக்கம். அதைக் கண்காணிப்பு ஆணையம் படித்து முத்திரை குத்தினால்தான் கடை திறக்கலாம்.

பணம் போடுகிறவன் அதைப் படிப்பதில்லை. வாங்குகிறவனும் படிப்பதில்லை. எழுதின வக்கீலே படிப்பதில்லை. முழுசாகப் படித்த ஒரே ஜந்து, ஆணையத்தின் நாலாவது மாடியில், கால் உடைந்த மேசைக்குச் சட்டப் புத்தகத்தை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்த சிவப்பு மைதான். பத்தொன்பது வருஷம் படித்தார்.

படிக்கப் படிக்க ஒரு விஷயம் பிடிபட்டது. வக்கீல் கம்பெனிகளில் யாரும் புதிதாக எழுதுவதில்லை. பழைய ஃபண்டின் புத்தகத்தை எடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றுவார்கள். அவ்வளவுதான் வேலை. ஒரு தடவை மாட்டுப் பண்ணை ஃபண்டின் சட்டையைத் தங்க ஃபண்டுக்கு மாட்டிக் கொண்டுவந்தார்கள். ‘தங்கள் தங்கத்துக்குக் கோமாரி நோய் வரக்கூடும் என்று எழுபத்திரண்டாம் பக்கம் எச்சரிக்கிறது. தடுப்பூசி போட்டாயிற்றா எனத் தெரிவிக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார். ஆணையத்தில் ஆளாளுக்கு அந்தக் கடிதத்தை நகலெடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்.

ஐம்பது வயதில் அவரும் கட்சி மாறினார். பெரிய வக்கீல் கம்பெனி, மூன்று மடங்கு சம்பளம், கால் புதைகிற கம்பளம். வாசலில் பங்குதாரர்களின் பெயர் பொறித்த பித்தளைப் பலகை ஒன்று இருந்தது. “ஒரு ஃபண்டைக் கரையேத்துங்க, உங்க பேரும் அதுல ஏறிடும்” என்றார் முதலாளி. சிவப்பு மையின் மனைவி சொந்தபந்தம் எல்லோருக்கும் போன் போட்டுப் பலகையின் நீள அகலம் வரை சொல்லிவிட்டாள்.

வந்த ஃபண்டு, அடுக்குமாடி வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுவது. கெடு மூன்று வாரம். மனுஷர் என்ன செய்தார்? பத்தொன்பது வருஷம் எவனையெல்லாம் திட்டினாரோ அவன் செய்ததையே செய்தார். கப்பல் ஃபண்டு ஒன்றின் பழைய புத்தகத்தைத் திறந்து பெயரை மாற்றினார். நூறு பக்கம் வரை சரிபார்த்தார். மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அந்த நாளை வரவே இல்லை. ஆணையத்தில் அவர் நாற்காலிக்கு வந்திருந்த அதிகாரியம்மா, “சார் எழுதுனதுல நான் என்னத்தைப் படிக்கிறது?” என்று முத்திரையைக் குத்திவிட்டாள்.

திங்கட்கிழமை திறப்பு. அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர்மென்ட் பணத்தை அந்த ஃபண்டில் போடுவதாக இருந்தார். கக்கத்தில் புத்தகம், மூக்கில் கண்ணாடி.

“மாப்ள, ஒரு சந்தேகம். கட்டடம் எந்தத் துறைமுகத்துல நிக்குது?”

“என்ன மச்சான் காலையிலேயே?”

“நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கம். கப்பல் பயணம் முடிஞ்சு துறைமுகம் திரும்புற வரைக்கும் போட்ட பணத்தை எடுக்க முடியாதாம். நான் இருக்கிறதுக்குள்ள அந்தக் கட்டடம் எங்க போயிட்டு எப்ப திரும்பும்?”

சிவப்பு மை புத்தகத்தைப் பிடுங்கினார். இருந்தது. பக்கத்தடியில் அவர் போட்ட கையெழுத்துக்கு மேலேயே கப்பல் மிதந்துகொண்டிருந்தது.

“இதை எதுக்குப் படிச்சீங்க?”

“முப்பது வருசம் வண்டியைச் சுத்திப் பாக்காம கையெழுத்துப் போட்டதில்ல மாப்ள. நீங்க போடுவீங்களா?”

சிவப்பு மை சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினார்.

முதலாளி ஒரு நிமிஷம்தான் யோசித்தார். “முத்திரை விழுந்தாச்சு. யாரு படிக்கப் போறா? அடுத்த வருசம் புதுப்பிக்கிறப்போ சத்தமில்லாம மாத்திடலாம்.”

“எங்க மச்சான் படிச்சிட்டாரு சார்.”

“ஒருத்தர்தானே? வாயை மூடச் சொல்லுங்க. பலகை கொத்துறவன்கிட்ட உங்க பேரைக் குடுத்தாச்சு. ஞாபகம் இருக்கட்டும்.”

ஞாபகம் இருந்தது. லிஃப்டில் இறங்கும்போதும் பலகைதான் கண்ணில் நின்றது. ஆனால் நாளைக்கு எவனாவது ஒரு கிழவன் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கேட்டு வருவான். கட்டடம் இன்னும் கரைக்கு வரவில்லை என்று இந்தப் பயல்கள் பக்கத்தைக் காட்டுவார்கள். காட்டக்கூடிய ஆட்கள்தான். தெருமுனைக் கடையில் சிவப்புப் பேனா ஒன்று வாங்கினார். தன் புத்தகத்தைத் தானே கிழி கிழியென்று கிழித்தார். பதினேழு இடத்தில் சிவப்புக் கோடு. நேராக ஆணையத்தின் நாலாவது மாடி.

அதிகாரியம்மா முகம் வெளுத்தது. “சார், நான் படிக்காம குத்திட்டேன்னு வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்.”

“எழுதினவனே படிக்கலைம்மா. நானே வந்து தப்பைச் சொன்னதா எழுது. முத்திரையை வாபஸ் வாங்கு.”

அவள் பேனாவை எடுத்தாள். “கடுதாசியில என்ன சார் எழுதுறது?”

“மேசைக் கண்ணாடிக்கு அடியில பாரு. மாட்டை எடுத்துட்டுக் கப்பலைப் போடு.”

மறுநாள் கம்பெனிக்குக் கடிதம் வந்தது. ‘தங்கள் கட்டடங்கள் நடுக்கடலில் மூழ்கக்கூடும் என்று நூற்று நாற்பத்தொன்றாம் பக்கம் எச்சரிக்கிறது. குடியிருப்போருக்கு நீச்சல் தெரியுமா எனத் தெரிவிக்கவும்.’ திறப்பு ஆறு வாரம் தள்ளிப்போனது. பலகை கொத்துகிறவனுக்கு அன்றைக்கே போன் போயிற்று. தப்பைத் தானே சொன்னவரை விரட்டினால் ஆணையம் கேள்வி கேட்கும் என்று வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள். சிவப்பு மையின் மேசை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அங்கே கம்பளம் கிடையாது. இனி வெளியே போகிற எல்லாப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை அவர்தான் படிக்க வேண்டும், அதுதான் தண்டனை. மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “பழைய வேலையேதானே, சம்பளம் மட்டும் மூணு மடங்கு” என்று கணக்குப் போட்டுப் பேசிவிட்டாள்.

ஆறு வாரம் கழித்து, திருத்தின புத்தகத்தை மச்சானிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். மச்சான் நாலு நாள் வைத்துப் படித்தார்.

“எல்லாம் சரியா இருக்கு மாப்ள. மாசாமாசம் பணத்தை எடுத்துக்கலாம்.”

“அப்ப போடுறீங்களா?”

“இல்ல மாப்ள. அந்தக் கப்பல் ஃபண்டு இன்னும் இருக்கான்னு விசாரிங்க. ஓடுற வண்டின்னா எனக்குக் கொஞ்சம் புரியும்.”