நெஞ்சுக்குள் ஒரு போர்டு

எனக்குக் கால் மரத்துப்போகும் வியாதி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து மூன்று நாள் ட்ரிப்பில் மருந்து ஏற்றிக்கொண்டால் நேராக நடப்பேன். ஏற்றாவிட்டால் குடித்துவிட்டு வருகிறவன் என்று தெருவே நினைக்கும். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் அந்தப் பெயரை வாங்கிய ஒரே ஆள் திருவொற்றியூரில் நானாகத்தான் இருக்கும்.

மூன்று வருடத்தில் இடது கை நரம்பெல்லாம் குத்திக் குத்திச் செத்துப்போனது. நர்சம்மாக்கள் வலது கைக்கு வந்தார்கள். அது சும்மா தொங்குகிற கை இல்லை. பகலில் கன்டெய்னர் யார்டில் நம்பர் எழுதிப் பிழைப்பது அதை வைத்துத்தான். சாயங்காலம் கேரம் கிளப்பில் மரியாதையும் அதை வைத்துத்தான். ஊசி ஏறிய வாரம் நான் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால், அது காயை நலம் விசாரித்துவிட்டுத் திரும்பும்.

டாக்டர் ஒரு வழி சொன்னார். நெஞ்சுத் தோலுக்கு அடியில் சின்ன டப்பி ஒன்றைப் புதைத்து, அதிலிருந்து மெல்லிய குழாயைப் பெரிய ரத்தக் குழாய்க்குள் விட்டுவிடுவார்களாம். அப்புறம் ஊசியெல்லாம் அந்த டப்பியில்தான். கையைத் தொட மாட்டார்கள். அதற்குப் பெயர் போர்ட்.

இதைக் கிளப்பில் போய்ச் சொன்னேன் பாருங்கள், அதுதான் என் புத்தி.

"நெஞ்சுல போர்ட் வெக்கச் சொல்றாரு மாமு."

எதிரே ஆடிக்கொண்டிருந்த தோஸ்து பவுடர் கையோடு நிமிர்ந்தான். "போர்டா? இன்னா சைஸு?"

கிளப்பில் போர்டு என்றால் கேரம் போர்டுதான். அது உறைக்காமல், "ஒரு ரூவா காசு அளவுதான்" என்றேன்.

"அதுல எங்கடா நாலு பாக்கெட்டு வெப்பான்?"

சிரிப்பு அடங்கவே கால் மணி நேரம் ஆனது. விஷயம் புரிந்ததும் ஆளாளுக்கு டாக்டர் ஆனார்கள். ஆட்டுக்கால் சூப் குடித்தால் நரம்பு தானாக எழும்பும் என்றான் ஒருவன். அவன் மச்சானுக்கு எழும்பியதாம். எந்த மச்சான் என்று கேட்டால் மீஞ்சூர் மச்சான். அதைச் சரிபார்க்க யார் மீஞ்சூர் வரைக்கும் ரயில் ஏறுவது?

அவர்களைக் கேவலமாகப் பேச எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? வீட்டில் நான் பேசியது அதைவிட மட்டம்.

"ரெண்டு மாசத்துக்கு ஒரு தபா போடற ஊசிக்கு டப்பி எதுக்கு? ஊசி இல்லாத மாசமும் ஆஸ்பத்திரிக்குப் போய் அத்தக் கழுவிகினு வரணுமாம், இல்லாங்காட்டி அடச்சிக்குமாம். குழாய்ல தண்ணி வராத ஊர்ல, நெஞ்சுல கீற குழாயக் கழுவணுமா?"

என் மனைவி அரிசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கழுவப்போறது அவங்க. ஒனக்கு இன்னா நோவு? கத்தின்னா பயம்னு சொல்லேன்யா."

காது கேட்காதவன் மாதிரி எழுந்து போனேன். கத்தி பயம் பாதிதான். ட்ரிப்பைப் பிடுங்கிய அடுத்த நிமிடமே எனக்கு வியாதியே இல்லை என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவன் நான். டப்பி வந்துவிட்டால் பனியனைக் கழற்றும்போதெல்லாம் நோயாளி. அந்த வீறாப்புக்காகத்தான் கையைப் பலி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை வலது கையில் நான்கு இடம் குத்தினார்கள். நான்காவதில் மருந்து நரம்புக்கு வெளியே இறங்கிப் புறங்கை பூரி மாதிரி உப்பியது. விரலை மடக்கப் பார்த்தேன், ஒன்றுகூட மடங்கவில்லை. நர்சம்மா நரம்பு தேடி என் காலைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். அதுவும் மரத்த கால்.

"டாக்டரக் கூப்டுங்கம்மா. வெச்சிடலாம்" என்றேன்.

சம்மதப் பாரம் வந்தது. பேனா விரலில் நிற்காமல் இரண்டு தடவை கீழே விழுந்தது. எழுத்து சரியில்லை என்று லாரி டிரைவர்களை நாள் முழுக்கத் திட்டுகிற யார்டு கிளார்க்கான எனக்குக் கைநாட்டு வைக்க மை டப்பா வரவழைக்கப்பட்டது.

"எழுதப் படிக்கத் தெரியாதா?" என்று கேட்டார் பாரத்தைக் கொண்டுவந்தவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "நல்லாத் தெரியும் சார். புரியறதுதான் லேட்டு."

இடது பெருவிரலை மையில் அமுக்கினேன்.