வாரிஜா மேடத்தின் ஜெர்மன் தாளமத்தளை

வாரிஜா சாலியான் ஜெர்மன் படிக்கப் போனது அந்த மொழியின் மேல் இருந்த ஆசையால் அல்ல. கல்லூரியில் சேரப் போன அன்று பஸ் வழியில் படுத்துவிட்டது. அவள் போய்ச் சேர்வதற்குள் மற்ற பாடங்களில் இடமெல்லாம் போய்விட்டது. "ஜெர்மன்ல மட்டும் இருக்கு, வேணுமா?" என்று குமாஸ்தா நேற்று மிஞ்சிய பன்ஸைக் கொடுப்பதுபோலக் கேட்டார். வாரிஜா வேண்டும் என்றாள். வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல், "அதைப் பேச இங்க யாருடி இருக்கா?" என்று கேட்டாள்.

அதே வாரிஜா இப்போது மங்களூர்ப் பக்கம் முல்கிக்குத் தெற்கே இருக்கும் கடலோரப் பல்கலைக்கழகத்தின் அயல்மொழித் துறையில் ஜெர்மன் நடத்துகிறாள். நாற்பதைத் தாண்டிவிட்டாள். பெயர்தான் விருந்தினர் விரிவுரையாளர். விருந்து எதுவும் கிடையாது. ஒவ்வொரு ஜூனிலும் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால் அந்த வருஷம் வேலை உண்டு, போடாவிட்டால் இல்லை. இப்படியே எத்தனையோ ஜூன்களைக் கடந்து வந்திருக்கிறாள்.

துறை பெரியது ஒன்றும் இல்லை. பிரெஞ்சுக்கு ஒரு வகுப்பறை, ஜெர்மனுக்கு ஒன்று, ரஷ்யனுக்கு மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் இடுக்கு. ஆனால் கொண்டாட்டத்துக்குக் குறைச்சல் கிடையாது. டிசம்பரில் ஜெர்மன் கிறிஸ்துமஸ் பாட்டு உண்டு. மொழி நாளன்று பிள்ளைகள் ஜெர்மன் உருளைக்கிழங்கு சாலட் செய்து, கடைசி நிமிஷத்தில் மனசு கேட்காமல் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவார்கள். சுவர்ப் பத்திரிகையில் பிழையே இல்லாத கட்டுரைகள் தொங்கும். எல்லாம் இருந்தது, பேச்சு மட்டும்தான் இல்லை. பரீட்சையில் தொண்ணூறு வாங்கிய பிள்ளையிடம் "காலையில எதுல வந்தே?" என்று ஜெர்மனில் கேட்டால் விட்டத்தைப் பார்க்கும்.

இது ஊரறிந்த அவமானமாகவே ஆகிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை மைசூரில் எல்லாப் பல்கலைக்கழகங்களும் கூடும் அயல்மொழி விழா நடக்கும். நாடகம் முடிந்ததும் நடுவர்கள் கேள்வி கேட்பார்கள். நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்த நாடகத்தைத் தடதடவென்று ஒப்பித்துவிட்டு, முதல் கேள்விக்கே வாயடைத்து நிற்பார்கள். பெங்களூர்க்காரர்கள் இவர்களுக்கு 'மங்களூர் கேசட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் வாரிஜாவுக்கு வயிறு எரியும்.

துறைத்தலைவர் பேராசிரியர் வேதவியாச உபாத்யாயாவின் ஜெர்மன் கழுவித் துடைத்த வெள்ளித் தட்டு மாதிரி இருக்கும். ஒரே ஒரு சங்கதி, முதலில் தாளில் எழுதிக்கொள்ளாமல் ஒரு வாக்கியம்கூட அவர் அந்த மொழியில் பேசியதில்லை. ஜெர்மனியிலிருந்து விருந்தாளி வந்தால் வரவேற்புரை சட்டைப்பையிலிருந்து வரும், நன்றியுரை அடுத்த பையிலிருந்து வரும். இடையில் விருந்தாளி ஏதாவது கேட்டுவிட்டால் அவருக்கு இருமல் வந்துவிடும்.

அதே மனிதரைச் சனிக்கிழமை கோயில் முற்றத்தில் பார்க்க வேண்டும். தாளமத்தளையில் அவர் சிங்கம். அந்தக் கலையில் வேஷம் கிடையாது, ஆட்டம் கிடையாது. பாகவதர் ஒரு பாட்டைப் பாடி முடித்ததும் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்த இடத்திலேயே தோன்றியதைப் பேசி வாதாடுவார்கள். அங்கே உபாத்யாயாவுக்கு எதிரே உட்காரப் பெரிய பெரிய கைகளே யோசிக்கும். எதிராளி சொன்ன சொல்லைப் பிடித்து அவன் கழுத்திலேயே மாட்டிவிடுவார். கன்னடம் அவர் வாயில் அப்படிக் கொட்டும். திங்கட்கிழமை ஜெர்மன் வகுப்புக்கு வந்தால் மறுபடி தாள்தான். ஒரே மனிதருக்கு எப்படி இரண்டு வாய் என்று வாரிஜா பல வருஷம் யோசித்திருக்கிறாள்.

அந்த மழைக்காலத்தில் கடல் பொல்லாததாக இருந்தது. ஜெனிஷா லோபோவின் மாமா வீட்டுச் சமையலறையை அது ஒரே வாரத்தில் கொண்டுபோய்விட்டது. ஜெனிஷா இரண்டாம் வருஷ மாணவி. அவளோடு படிக்கிற நிதேஷ் பங்கேரா மீன்பிடி வீட்டுப் பையன். வகுப்பு தொடங்கும் முன் இருவரும் துளுவில் சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

"உங்க கடல் இருக்கே, அதுக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கா?" என்றாள் ஜெனிஷா.

"அம்மா மாராயத்தி, கடலா வீட்டுக்கு வந்தது? உங்க மாமாதான் வீட்டைக் கடலுக்குக் கொண்டுபோனார். மணல்மேட்டைச் சமமாக்கினப்ப கேட்டாரா அதை?"

"ஓ, நீதான் அதுக்கு வக்கீலா?"

"ஆமா. ஃபீஸா மீன் குடுக்குது."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வாரிஜாவுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. இந்தப் பிள்ளைகளுக்கு வாய் இல்லாமல் இல்லை. இந்த மண்ணில் பிறந்த எதற்கும் வாய் இல்லாமல் இல்லை. பேசு என்று சொன்னால் பேசமாட்டார்கள். எதிரே ஒருவரை உட்காரவைத்துச் சீண்டிவிட்டால் நிறுத்தமாட்டார்கள்.

"இதையே ஜெர்மன்ல பேசுங்க. ஜெனிஷா, நீ வீட்டுக்காரி. நிதேஷ், நீ கடல். எதிரெதிரே உட்காருங்க."

"தப்பு வருமே மேடம்" என்றான் நிதேஷ்.

"வரட்டும். தப்பாப் பேசினவங்க தோக்கமாட்டாங்க. பேச்சை நிறுத்தினவங்கதான் தோத்தவங்க."

மேசையில் விரலால் மத்தளம் போலத் தட்டினாள். முதலில் இரண்டு பேரும் திக்கினார்கள். பிறகு ஜெனிஷா, "நீ திருடன்" என்றாள். அது போதுமானதாக இருந்தது. மணி அடித்த பிறகும் வகுப்பு கலையவில்லை. பின்வரிசைப் பையன்கள் கடலுக்கு ஒரு கட்சி, வீட்டுக்கு ஒரு கட்சி என்று பிரிந்து, உடைந்த ஜெர்மனில் கத்திக்கொண்டிருந்தார்கள். வாரிஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

இதைத்தான் மைசூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவள் போய்ச் சொன்னபோது உபாத்யாயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது நல்ல அறிகுறி அல்ல.

"தாளமத்தளை தெய்வத்துக்கு முன்னாடி நடக்கறது. ஜெர்மன் இலக்கணத்தோட நடக்கறது. ரெண்டையும் சேர்த்து அரைச்சா சட்னிதான் வரும், வாரிஜா மேடம்."

"சட்னி ருசியா இருந்தா என்ன சார்?"

"எழுதின வசனம் ஒண்ணுகூட இல்லாம மேடை ஏத்தறேன்கறீங்க. நடுவர் கேட்டதும் போன வருஷம் மாதிரியே வாயைப் பொத்திட்டு நின்னா? அவமானம் யாருக்கு?"

வாரிஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவளுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது. "எனக்குத்தான். பிள்ளைங்க வாயடைச்சு நின்னா, ஜூன்ல என் ஆர்டர்ல நீங்க கையெழுத்துப் போட வேண்டாம்."

"எழுதிக் குடுக்கறீங்களா?"

"நீங்க கேட்கற கேள்வியா சார் இது? தாளமத்தளைக்காரருக்கு வாய்வார்த்தை போதாதா?"

உபாத்யாயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கூட்டிட்டுப் போங்க" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் வாரிஜாவுக்குத் தான் என்ன செய்துவிட்டு வந்தோம் என்று விளங்கியது.

அடுத்த சில வாரங்கள் துறையில் யாருக்கும் நிம்மதி இல்லை. பிள்ளைகள் கேன்டீனில் கோளிபஜே என்கிற மைதா போண்டாவை ஜெர்மனில் கேட்டுச் சண்டை போட்டார்கள். கேன்டீன்காரர் தனக்குத் தோன்றியதைத் தட்டில் வைத்துவிட்டு, "எதுவானாலும் தின்னுங்க மாராயரே" என்றார். பிரெஞ்சு வகுப்புக்காரர்கள் சத்தம் தாங்காமல் புகார் கொடுத்தார்கள். வாரிஜா ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை. இன்றைக்குப் பேசியது நாளைக்கு வரக்கூடாது என்பது அவள் சட்டம்.

மைசூரில் அரங்கம் நிறைந்திருந்தது. மற்றவர்கள் பொய்முடி, தொப்பி, மரக்கதவு என்று ஒரு லாரிச் சாமானோடு வந்திருந்தார்கள். நம்மவர்கள் இரண்டு பாயை விரித்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒரு பையன் நடுவே மத்தளத்தோடு இருந்தான். "கேசட் வந்தாச்சு, இந்தத் தடவை பெட்டிகூட இல்லாம" என்று பின்னால் யாரோ சொல்ல, ஒரு வரிசையே சிரித்தது. வாரிஜாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உபாத்யாயா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைப்பை வழக்கம்போலப் புடைத்திருந்தது.

ஜெனிஷா வழக்கைத் தொடுத்தாள். மாமாவின் அடுப்பு, அம்மி, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டாள். நன்றாகவே கேட்டாள். கடல் பதில் சொல்ல வேண்டிய இடம் வந்தது. நிதேஷ் வாயைத் திறந்தான், மூடினான். கூட்டத்தைப் பார்த்தான்.

மத்தளம் தட்டிய பையன் கையை நிறுத்திவிட்டான். வாரிஜா புடவைத் தலைப்பைக் கசக்கினாள். பக்கத்தில் உபாத்யாயா மூச்சை இழுத்துவிட்டது அவளுக்குக் கேட்டது. போயிற்று என்று நினைத்தாள். வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பையன் இனிமேல் எங்கேயும் வாயைத் திறக்கமாட்டானே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

ஜெனிஷா மெதுவாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பி ஜெர்மனில் சொன்னாள்: "பாத்தீங்களா, என் வீட்டை முழுங்கினதுல இதுக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. யாராவது தண்ணி குடுங்க. கடல்தான், ஆனாலும் குடுங்க."

அரங்கம் சிரித்தது. நிதேஷும் சிரித்துவிட்டான். சிரித்த வாய் திறந்தே இருந்தது, அதன் வழியே கடல் வந்துவிட்டது. "உன் வீடு என் தொண்டையில இல்லம்மா, வயித்துல இருக்கு. அதுக்கு அடியில என்னோட மணல் இருந்தது. முதல்ல அதைத் திருப்பிக் குடு" என்றான். அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை.

நடுவர்களில் ஒருவர் டாக்டர் ஹெல்கா, ஹாம்பர்க்கிலிருந்து வந்தவர். கேள்வி நேரத்தில் அவர், "எங்க பக்கம் அணை கட்டிக் கடலை நிறுத்தி வெச்சிருக்கோம். கடலே, அதுக்கு என்ன சொல்ற?" என்று கேட்டார். வழக்கமாக நம்மவர்கள் செத்துப்போகிற இடம் அது.

"அந்த அம்மா நீங்கதானா? என் தம்பி கடல் உங்களைப் பத்திச் சொல்லியிருக்கான். வேலி போட்டீங்க, சரி. வேலிக்கு அந்தப் பக்கம் யார் இடம்னு அவனை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றான் நிதேஷ்.

ஹெல்கா அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். ஊர்ப் பாசம் யாரைத்தான் விட்டது. அவர் ஒன்று சொல்ல, கடல் ஒன்று சொல்ல, வீட்டுக்காரி அவருக்கு ஆதரவாக இறங்க, நேரம் முடிந்த மணி அடித்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜெனிஷாவுக்கு ஆவேசமே வந்துவிட்டது. "லாரி லாரியா மணலை அள்ளினப்ப ஊர்ப் பெரியவங்க எங்க போனாங்க? அதோ ஒருத்தர் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கார். அவரே சொல்லட்டும்" என்று உபாத்யாயாவை நோக்கிக் கையை நீட்டினாள்.

வாரிஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சபையில் கை நீட்டிக் கேட்ட பிறகு பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது தாளமத்தளைக்காரர் செய்கிற காரியம் இல்லை. உபாத்யாயா எழுந்தார். கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போனது. அங்கே இருந்த தாளில் மைசூருக்கு நன்றி மட்டும்தான் எழுதியிருந்தது. கையை எடுத்துவிட்டார். வாரிஜா இருமலுக்காகக் காத்திருந்தாள்.

இருமல் வரவில்லை. "தூங்கிட்டிருந்தேன்" என்றார், ஜெர்மனில், கோயில் முற்றத்துக் குரலில். "வயசானவன் தூங்குவான். வீட்டுக்காரியே, லாரி சத்தம் உன் காதுலயும் விழுந்ததே, ஏன் என்னை எழுப்பல? லாரிக்காரன் உன் மாமாவோட மாப்பிள்ளையாச்சேன்னு விட்டியா?" அரங்கம் அதிர்ந்தது. அவர் நிறுத்தவில்லை. மேடைப் பக்கம் நடந்துகொண்டே பேசினார். வாக்கியங்கள் கோணின, சொற்கள் இடம் மாறின, ஓர் இடத்தில் கன்னடமே எட்டிப்பார்த்தது. எதுவும் அவர் காதில் விழவில்லை. முப்பது வருஷம் தாளுக்குள் கிடந்த மனிதர் வெளியே வந்துவிட்டார். ஜெனிஷா விடாமல் மடக்கினாள், அவர் விடாமல் திருப்பினார். பெங்களூர்க்காரர்கள் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார்கள்.

நேரம் மீறியதற்காக மதிப்பெண் வெட்டினார்கள். வெட்டிய பிறகும் முதல் பரிசு நம்முடையதுதான். கோப்பையை வாங்கப் போன நிதேஷ் நடுவர்களிடம் கடலாகவே நன்றி சொன்னான். கேசட் என்று அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் மடிக்கேரியில் பஸ் நின்றது. பிள்ளைகள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பஜ்ஜிக் கடைக்கு ஓடினார்கள். உபாத்யாயா இரண்டு கிளாஸ் காபியோடு வாரிஜாவிடம் வந்து ஒன்றை நீட்டினார்.

"தப்பு நிறைய வந்துதோ?"

"வந்துது சார்."

"ம்." காபியை ஊதிக் குடித்தார். முகத்தில் வருத்தமே இல்லை. "அந்தப் பொண்ணு என்னை மடக்கினா, பாத்தீங்களா? ஒரு இடத்துல எனக்கு உண்மையாவே பதில் வரல."

வாரிஜாவுக்குச் சிரிப்பு வந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். "அப்ப ஜூன் ஆர்டர், சார்?"

"அடுத்த வருஷம் கடல் நான்தான்" என்றார் உபாத்யாயா. "இப்பவே சொல்லிட்டேன், வேற யாருக்கும் குடுக்கக்கூடாது. வீட்டுக்காரியா எதிர்ல உக்கார நீங்க இல்லாம நான் யார்கூடப் பேசறது?"

"நல்லாத் தயார் பண்ணிட்டு வாங்க சார். நான் விடமாட்டேன்" என்றாள் வாரிஜா, ஜெர்மனில்.

அவரும் அதற்கு ஜெர்மனிலேயே பதில் சொன்னார். பஸ் ஹாரன் அடித்து, பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து, ஓட்டுநர் இறங்கி வந்து கூப்பிடும்வரை இருவரும் நிறுத்தவில்லை.