பச்சைக்கும் சந்தனத்துக்கும் நடுவே

எர்ணாவூரில் அரசாங்கம் எங்களுக்கு ஒதுக்கிய வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஹால். சாப்பாடு, தூக்கம், சண்டை, சமாதானம் எல்லாம் அதற்குள்தான். சமையல்கட்டில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் தோசைக்கல் மேல் உட்கார வேண்டியதுதான். அந்த வீட்டுக்குத்தான் என் கணவரின் அக்கா மீஞ்சூரிலிருந்து வருவதாக இருந்தார்.

தன் கணவர் இறந்த பிறகு அண்ணி சொந்தக்காரர்கள் வீடு ஒவ்வொன்றிலும் இருந்து பார்த்துவிட்டார். எங்கே போனாலும் துணிகளைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைக்கமாட்டார். துவைத்துக் காய்ந்ததும் மறுபடி பைக்குள்ளேயே போகும். நான் போனில் கூப்பிட்டபோதும், "ஒரு மாசம் இருந்துட்டுப் பூட்றேம்மா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. போவதற்கு அவருக்கு வேறு இடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கேயாவது அவர் தங்கிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு பிடிவாதம் பிடித்துக்கொண்டேன்.

தனியறைக்கு இடமில்லை. திரை கட்டினால் காற்று வராது. சுவரின் நிறத்தை மாற்றினால் என்ன என்று தோன்றியது. ஜன்னல் பக்கத்துப் பாதி அண்ணிக்கு, அவருக்குப் பிடித்த ராமர் பச்சை. இந்தப் பக்கம் எங்களுக்குச் சந்தனம். இரண்டும் சேரும் கோடு மேலிருந்து கீழே நேராக விழ வேண்டும். எங்களுக்குத் தடுப்புச் சுவரும் அதுதான், கதவும் அதுதான். கோணலாகப் போனால், பாதியில் பெயிண்ட் தீர்ந்துபோன வீடு என்றுதான் நினைப்பார்கள்.

பெயிண்டரைக் கூப்பிடச் சொன்னேன். கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் என் கணவருக்கு உலகத்தில் தெரியாத வேலை கிடையாது. "நூலு அட்ச்சா தானா நேரா வந்துரும்மே" என்றார். நூலை மேலே ஆணியில் கட்டி, கீழே கனத்துக்கு ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டு, சுண்டிவிட்டால் சுவரில் நீலமாகக் கோடு விழும். யார்டில் அப்படிப் பார்த்திருக்கிறார். அங்கே நூலில் தடவுவது நீலச் சாக்பீஸ் பொடி. இவர் நூலைத் தோய்த்தது, நான் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில்.

கோடு என்னவோ அழகாகத்தான் விழுந்தது. பச்சை காய்ந்தபின் டேப் ஒட்டிச் சந்தனம் அடித்து, ஈரத்தோடு டேப்பை உரித்தார். நான்கூட வாய்விட்டுப் பாராட்டினேன். காலையில் பார்த்தால் சந்தனத்தின் ஓரம் நெடுக நீலம் கசிந்து நின்றது. மறுபடி அடித்தார், மறுபடி கசிந்தது. பெயிண்ட் கடை அண்ணாச்சி, "சொட்டு நீலத்தையா போட்டீங்க? மேல எத அடிச்சாலும் அது வெளிய வரத்தான் செய்யும். அடர் கலர் போட்டு மூடினாத்தான் உண்டு" என்று அனுப்பிவிட்டார்.

அண்ணி வந்த அன்றும் நீலம் அப்படியே இருந்தது. "இது உன் ரூமு, அக்கா" என்று என் கணவர் சொன்னதும், அண்ணி பச்சையை ஒருமுறை தடவிப் பார்த்தார். "எனுக்கு இன்னாத்துக்குப்பா இதெல்லாம்" என்றார். பையைத் திறக்கவில்லை.

நானும் விடவில்லை. கோட்டருகே நின்று சுவரில் தட்டி, "அண்ணி, உள்ள வரட்டா?" என்று கேட்பேன். கேலியாக ஆரம்பித்தது பழக்கமாகிவிட்டது. அண்ணி நெளிவார். "உங்க வூட்டுல என்னை இன்னாத்துக்கும்மா கேக்குற" என்பார். அந்த 'உங்க வூடு' ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

நீலத்தின் மேல் பச்சையை அடித்துவிடலாம், கோடு கொஞ்சம் எங்கள் பக்கம் நகர்ந்தால் நகரட்டும் என்று ஒருநாள் சொன்னேன். அண்ணி பதறிவிட்டார். "உங்களுக்கே எடம் பத்தல. நீலம் இருந்துட்டுப் போட்டும், வுடு" என்றார். தட்டில் இன்னொரு வடை வைத்தாலே கையால் மறைத்துக்கொள்கிறவர். மிச்சப் பச்சை டப்பாவோடு கட்டிலடியில் கிடந்தது.

மழை விட்டு வெயிலடித்த ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வந்தேன். கதவு திறந்திருந்தது. அண்ணி ஸ்டூல்மேல் நின்றிருந்தார். கையில் சின்ன பிரஷ். நீலத்தைக் காணோம். நாலு விரக்கடை எங்கள் பக்கம் தள்ளி, புதிய கோடு இறங்கிக்கொண்டிருந்தது. நூலும் இல்லை, டேப்பும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்தார். நடுவில் கோடு லேசாகத் தொப்பை போட்டிருந்தது. யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ளாதவர், எங்களைக் கேட்காமலே எங்கள் சுவரை எடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அந்த வீடு கிடைத்த அன்றுகூட வந்ததில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டருகே போய் நின்றேன். "அண்ணி, உள்ள வரட்டா?"

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை.

"வாம்மா. செவுத்துல கைய வெச்சிராத. என் பக்கம் இன்னும் காயல."