குசினிச் சுவரில் நூற்றிருபது இலைகள்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 7.20. மூன்று நாளாகப் பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. இந்த நேரம் என் மனைவி ஸ்டெல்லா சொன்னது. நானும் அப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதில் ஒரு முள்தான் இருந்தது. கடிகாரம் பழுது என்று நினைத்தேன்.

காலையில் எனக்கு ஐந்து இடியப்பம். நாற்பத்தைந்து வருடமாக அதுதான் கணக்கு. அன்று மூன்றைத் தின்றதும் தட்டு காலி. மிச்சம் இரண்டு எங்கே என்று கேட்டேன். ஸ்டெல்லா என் தட்டை அரை வட்டமாகத் திருப்பி வைத்தாள். இரண்டு இடியப்பம் வந்துவிட்டன. அவள் கைக்குள் மறைத்து வைத்திருந்து போட்டாள் என்றுதான் நம்பினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். எனக்கு ஒன்றுமில்லை என்று வாதாடினேன். வலி இல்லை, மயக்கம் இல்லை. கடைசியில் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது இடது கை சேட்டுக்குள் இல்லை என்று அவள் காட்டினாள். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபோது மணி 9.40. இரண்டு மணி இருபது நிமிடம் என் பிடிவாதத்தில் போனது. இதை வாசிப்பவர் வீட்டில் யாராவது தட்டில் பாதியை விட்டுவிட்டுச் சாப்பாடு போதாது என்றால், வாதாட விடாதீர்கள். உடனே கொண்டுபோங்கள்.

எனக்கு வந்தது பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு, அந்தப் பகுதி வேலை செய்யாமல் போவது). அடைப்பு வலது மூளையில். ஆஸ்பத்திரி வாட்டில் ஆறு நாள். இடது காலும் கையும் பலவீனப்பட்டன, ஆனால் அடியோடு செயலிழக்கவில்லை. மூன்றாம் நாள் டொக்டர் அம்மா ஒரு தாளில் வட்டம் போட்டுத் தந்து, கடிகாரம் மாதிரி இலக்கங்களை எழுதச் சொன்னார். எழுதினேன். பன்னிரண்டும் வட்டத்தின் வலது பாதிக்குள் நெரிசலாக நின்றன என்று பிறகு காட்டினார்கள். எழுதும்போது எனக்கு அது சரியாகவே தெரிந்தது.

“ஐயா, உங்கட கண்ணில பழுதில்ல. இடப்பக்கம் ஒண்டு இரிக்கெண்டத மூளை உங்களுக்குச் சொல்ல மறக்குது” என்றார் அவர்.

இதை இடப்பக்கப் புறக்கணிப்பு என்கிறார்கள் (பார்வை இருந்தும் ஒரு பக்கத்தைக் கவனிக்க முடியாத நிலை). குருடன் தனக்குத் தெரியவில்லை என்பதை அறிவான். எனக்கு அந்த அறிவும் இல்லை. நான் நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்துநான்கு வருடம் நீர்மட்டம் எழுதியவன். அங்குலம் பிசகாமல் எழுதினேன் என்ற பெருமை எனக்கு உண்டு. அப்படிப்பட்டவன் பாதி உலகத்தை எண்ணாமல் விட்டுவிட்டு, கணக்குச் சரி என்று உட்கார்ந்திருந்தேன்.

நாவற்குடாவில் வீட்டுக்கு வந்த இரண்டாம் கிழமை, குசினியில் கொதித்த பானையில் இடது மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டேன். அதிலிருந்து நாலு நாளில், பாலைச் சூடாக்கிவிட்டு காஸ் அடுப்பின் இடது பக்கத்தை நிறுத்தாமல் வந்துவிட்டேன். இனி என்னை நெருப்போடு தனியே விடக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்.

அதுதான் ஸ்டெல்லாவைக் கலங்கவைத்தது. எங்கள் ஒரே மகள் திருகோணமலையில் இருக்கிறாள். பெப்ரவரி கடைசியில் அவளுக்கு முதல் பிரசவம். தாய் போக வேண்டும், குறைந்தது ஒரு மாதம் நிற்க வேண்டும். நான் மகள் வீட்டுக்குப் போனால் அவளுக்கு இரண்டு குழந்தை. ஆகவே மூன்று மாதத்துக்குள், ஒரு தேநீர் போட்டுவிட்டு அடுப்பை நிறுத்தக்கூடிய மனிதனாக நான் ஆக வேண்டும்.

கிளினிக்கில் தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட வேலைகளை மறுபடி பழக்குவது) தருகிற ஒரு பிள்ளை இருந்தாள். இடது பக்கத்தில் பளிச்சென்ற அடையாளம் ஒன்று வைத்து, எந்த வேலையையும் அதைத் தேடிப் பார்த்துத் தொடங்க வேண்டும் என்றாள். ஸ்டெல்லா அடுப்புக்கு இடப்பக்கச் சுவரில் சிவப்பு ரேப் (பசை நாடா) ஒட்டினாள். அதை நான் ஒரு நாளும் காணவில்லை. அப்படியென்றால் அவர் காணும் பக்கத்திலிருந்து கண்ணைக் கூட்டிப்போங்கள் என்றாள் பிள்ளை.

ஸ்டெல்லா காத்தான்குடிக்குப் போய், சுவரில் ஒட்டுகிற இலை ஸ்டிக்கர் ஒரு பக்கெற் வாங்கிவந்தாள். நத்தார்ப் பண்டிகைக்கு அடித்த புதுப் பெயின்ற் உரியாமல் கழற்றி வேறிடத்தில் ஒட்டலாம். பக்கெற்றில் அறுபது இலை என்று இருந்தது. எந்த மரத்து இலை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வலப்பக்கக் கதவு நிலையில் தொடங்கி, மேசைக்கு மேலால், இடது மூலையில் அடுப்புவரை கொடியாக ஓடவிட்டாள். கடைசியில் பெரிய மஞ்சள் இலை ஒன்று. பில்லைப் பார்த்தேன். 450 ரூபாய். பரவாயில்லை என்றேன்.

பிறகு எண்ணினேன். இருபத்தேழு இலை.

மறுநாளும் இருபத்தேழு. பில்லில் இருந்த நம்பருக்கு ஸ்டெல்லாவைப் போன் எடுக்கச் சொல்லி, கடைக்காரரை ஒரு பிடி பிடித்தேன். அறுபது என்று போட்டு முப்பத்துமூன்றை விழுங்கியிருக்கிறீர்கள் என்றேன். பெயர் நசீர், ஐம்பது வயது இருக்கும். பின்னேரம் அவரே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். குசினிக்குள் வந்து விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். விரல் மேசைக்கு அப்பால் போனதும் ஆளையே காணவில்லை. சற்று நேரத்தில் எங்கிருந்தோ திரும்பி என் முன்னால் வந்து நின்றார்.

“குறையுதுதான் சேர். பிழை எங்கட. இந்தாங்க, இன்னொரு பக்கெற்.”

வென்றுவிட்டேன். ஸ்டெல்லா அந்த இலைகளையும் இடையிடையே ஒட்டி முடித்தாள். எண்ணினேன். ஐம்பத்திரண்டு. முதல் பக்கெற்றின் இருபத்தேழைக் கழித்தால் இரண்டாவதில் இருபத்தைந்து.

“புள்ள, ரெண்டாவதிலயும் கள்ளம். போனைக் கொண்டா” என்றேன் ஸ்டெல்லாவிடம்.

“போனைப் பிறகு எடுக்கலாம். இஞ்ச வாங்க” என்று என் வலது கையைப் பிடித்தாள். கதவடி இலையில் விரலை வைத்து, கொடி வழியே நடத்தினாள். நான் எண்ணிக்கொண்டே போனேன். ஐம்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. சுவர் முடிந்த இடம் அது. விரலுக்கடியில் இன்னொரு இலை வந்தது. அதற்கப்பால் இன்னொன்று. ஒன்றுமே இல்லாத இடத்தில் என் கை இலைகளைத் தடவிக்கொண்டிருந்தது.

எண்ணுவதை விட்டுவிட்டேன். ஸ்டெல்லா என் தாடையைத் தொட்டு முகத்தைத் திருப்பினாள். அங்கே எங்கள் அடுப்பு, காஸ் சிலிண்டர், இவ்வளவு நாளும் அங்கேயே நின்ற சிவப்பு ரேப்.

“அந்தக் கடைக்காரருக்கும் தெரியுமா?” என்று கேட்டேன்.

“ஓம். அவர்ர வாப்பாவும் நாலு வருசம் இப்பிடித்தானாம். அவரோட வாதாடினா அண்டைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டாராம். அதுதான் உங்களோடயும் வாதாடல்ல.”

என் குசினிக்குள் நின்று இரண்டு பேர் எனக்குப் பொய் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் ஸ்டெல்லாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், நூற்றிருபதையும் என் கண்ணாலேயே எண்ணி முடிக்காமல் நசீர் முன்னால் போய் நிற்பதில்லை என்று தீர்மானித்தேன்.

பழகியது இப்படித்தான். காலையும் மாலையும் கொடியைக் கண்ணால் பின்தொடர்வேன். இலை முடிந்துவிட்டது என்று தோன்றினால் அது முடியவில்லை என்று அர்த்தம், தலையைத் திருப்புவேன். மஞ்சள் இலையை ஸ்டெல்லா முதலில் மேசைக்கு நேரே கொண்டுவந்து ஒட்டினாள். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போய்வந்து, அதைக் கழற்றி ஒரு சாண் இடப்பக்கம் தள்ளினாள். ஏழாவது ஞாயிறு அது சிலிண்டரின் திறப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. மஞ்சள் இலையைத் தொடாமல் குசினியை விட்டு வெளியேறக்கூடாது. அதுதான் எனக்குச் சட்டம். அதைத் தொட்டால் திறப்பு கண்ணில் படும், மூடுவேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு இந்த முறை உதவலாம். உங்கள் சிகிச்சையாளரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஜனவரியில் எழுபத்தெட்டு. பெப்ரவரி தொடக்கத்தில் நூற்றுநான்கு. அந்த மாதம் பதினெட்டு நாள் தொடர்ந்து நானே தேநீர் போட்டேன். ஸ்டெல்லா கதவடியில் நின்று நினைவூட்டாமல் பார்த்தாள். பத்தொன்பதாம் நாள் பெட்டியை அடுக்கினாள்.

பஸ் ஏறும்போதும் அவள் சொன்னது ஒன்றுதான். “மஞ்சள் இலை.”

“தெரியும், புள்ள.”

அவள் போன நாலாம் நாள் காலை பேரன் பிறந்தான் என்று போன் வந்தது. தேநீர் போட்டேன். குடிக்கும் முன் சுவரை எண்ணினேன். நூற்றிருபது. நம்பிக்கை வராமல் இடப்பக்கத்திலிருந்து தொடங்கி இன்னொரு முறை எண்ணினேன். நூற்றிருபது.

அன்றே காத்தான்குடிக்குப் போனேன். இரண்டாவது பக்கெற்றுக்கு நசீர் முதலில் காசு வாங்க மறுத்தார். எண்ணி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றதும் சிரித்தார்.

“அப்ப தாங்க சேர். இனி உங்களுக்கு இரங்கத் தேவல்ல.”

நான் முழுக்கக் குணமாகவில்லை. களைத்தால் இடப்பக்கம் இன்னும் கழன்றுபோகிறது. ஒவ்வொரு தட்டையும் திருப்பிப் பார்க்கிறேன். வீதியைக் கடக்கும் முன் இரண்டு தடவை நிற்கிறேன். முன்பு ஒரு மணித்தியாலத்தில் முடிந்தவை இப்போது இரண்டு எடுக்கின்றன. கடிகாரத்தில் காலை ஏழு முதல் பதினொன்றுவரை நான் தலையைத் திருப்பினால்தான் இருக்கிறது. உடம்பின் பாதியை நானே போய்க் கூட்டிவர வேண்டியிருக்கிறது. வாவிக்கரையில் உட்கார்ந்தால், தண்ணீர் எங்கே முடிகிறது என்று என் கண் சொல்வதை நம்புவதில்லை. திரும்பிப் பார்க்கிறேன். இன்னும் தண்ணீர் இருக்கிறது.

ஆஸ்பத்திரியும் மருந்தும் அரசாங்கத்தினுடையவை, அதற்குச் செலவில்லை. மற்றவற்றை வீட்டுக்கு வந்து எழுதினேன். பக்கெற் ஒன்று 1,450 ரூபாய். பில்லில் 450 என்று நான் அன்று வாசித்தது இதைத்தான். இரண்டுக்கும் 2,900. காத்தான்குடிக்கு ஓட்டோ 300, திரும்பிவர பஸ் 50. நான் காணாத சிவப்பு ரேப் 180. கூட்டிக் கீழே எழுதிவிட்டு வாசித்தேன். 430 என்று இருந்தது. தலையை இடப்பக்கம் திருப்பினேன். 3,430 ரூபாய்.