வீட்டுப் பெயர் கேட்ட டைரக்டரி

திருப்பதியில் அந்தக் கம்பெனி திறந்தபோது ஜெனரேட்டர் பார்க்கிற ஆளாகக் காண்டிராக்டில் சேர்ந்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில் வேலையை இங்கே உட்கார்ந்து செய்கிற கம்பெனி. சில வருஷம் கழித்து, கம்பெனி ஆளாகவே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அதற்கு என் பெயர் டைரக்டரியில் ஏற வேண்டும். டைரக்டரி என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஆள் கணக்கு. கேட் கார்டு, வருகைப் பதிவு எல்லாம் அதைக் கேட்டுத்தான் நடக்கும். அதில் இல்லாதவன் கம்பெனியில் இல்லை.

என் பெயர் ஏறவில்லை. ஆபீசில் மறுபடி மறுபடி பதிந்து பார்த்தார்கள். ‘ஏதோ தவறு’ என்று மட்டும் திரையில் வந்தது. அதற்குள் காண்டிராக்டர் என்னைத் தன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். அதனால் தினமும் கேட்டில் விசிட்டர் என்று எழுதிவிட்டு உள்ளே போனேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன் சித்தூர் பக்கத்துக் கங்காதர நெல்லூர்க்காரன், என் வயது. யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பான். ஜெனரேட்டரை என்பேன். அதையும் எழுதிக்கொள்வான்.

மாதக் கடைசிக்குள் ஏறாவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆட்களைப் பதிகிற புரோகிராமை எழுதியது சித்தூர்க்காரப் பெண் ஒருத்தி. அவளுக்கு அமெரிக்க விசா வந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமையோடு போகிறாள். அவள் போய்விட்டால் அதைத் திறந்து பார்க்க அங்கே ஆள் கிடையாது. எனக்கோ அவளிடம் போய்ப் பேச வாய் வரவில்லை. அவள் இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று ஏசியைப் பார்ப்பேன், திரும்பி வந்துவிடுவேன்.

வியாழக்கிழமை அவளே கேட்டாள். “ஏசி நல்லாத்தாண்ணா ஓடுது. உங்களுக்கு இன்னா வேணும்?”

சொன்னேன். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் விளக்கினாள். அவளுடைய புரோகிராம் டைரக்டரியிடம் நேராகப் பேசுவதில்லையாம். யாரோ எழுதி வைத்த ரெடிமேட் சரக்கு ஒன்று நடுவில் இருந்து பேசுகிறதாம். வேலை சுலபம் என்று அதை வைத்திருக்கிறாள். டைரக்டரிக்கென்று சொந்தமாகக் கட்டளைகள் உண்டு, நடுவில் இருப்பதை எடுத்துவிட்டு அவற்றையே நேராகக் கூப்பிடலாம் என்றாள். டீ வரும்வரை எழுதினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பெயரைப் போட்டு ஓட்டியதும் இந்தத் தடவை பதில் நீளமாக வந்தது. அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“டைரக்டரி முதல்லேர்ந்தே காரணம் சொல்லிக்கினுதான் இருக்குது. நடுவுல இருந்தது முழுங்கிட்டுச்சு. உங்க இன்ட்டி பேரு இன்னாண்ணா?”

தெலுங்குக்காரர்களுக்குப் பெயரோடு வீட்டுப் பெயர் ஒன்று இருக்கும். எங்களுக்கு இனிஷியலோடு சரி. வேலைக்குச் சேர்கிற பாரத்தில் அதற்கென்று இருந்த கட்டத்தில் படித்த தமிழர்கள் எதையாவது எழுதியிருப்பார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவன். இல்லாததை எப்படி எழுதுவது என்று காலியாக விட்டிருந்தேன். அவளுடைய புரோகிராம் அதை ஒத்துக்கொண்டது, டைரக்டரி ஒத்துக்கொள்ளவில்லை.

எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். ஒரு புள்ளி வைத்துவிட்டால் போதும், ஏறிவிடும் என்றாள். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவன் நான். அன்றைக்கு என்னவோ தலை ஆடவில்லை.

“புள்ளி வேணாம்மா. எங்க நைனா பேரு போடு, முழுசா.”

போட்டாள். ஏறியது.

மறுநாள் காலை கேட்டில் புதுக் கார்டைக் காட்டினேன். அங்கே இருக்கிற சின்னத் திரை வீட்டுப் பெயரை மட்டும்தான் காட்டும். என் நைனாவின் பெயருக்கு முன்னால் மிஸ்டர் போட்டு வரவேற்றது. எங்கள் ஊர் பிச்சாட்டூரில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன அவரை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வாட்ச்மேன் அதைப் படித்துவிட்டு ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றான்.

“வாங்க பெரியவரே. புள்ளைய இட்டுக்கினு வரலியா?”

சாயங்காலம் வீட்டுக்குப் போய் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப நாளைக்கி நானும் வரணுமா?”

வேண்டாம் நைனா, நான் போனால் போதும் என்றேன்.